ஏற்காடு கோடை விழாவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், ஏற்காடு கோடை விழாவிலும் மலர்க்காட்சியிலும் பொறுப்பேற்கும் தோட்டக்கலை, சுற்றுலா, கலை பண்பாட்டுத் துறைகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

அடுத்த கோடை விழாவுக்கான திட்டமிடல் தொடங்குமுன் தங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று இம்மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் மக்களை ஓவியமாகவோ, பூவால் அமைத்த உருவமாகவோ, மேடை நிகழ்ச்சியாகவோ காட்டும் எந்த முடிவையும் அவர்களை உடன் அமர்த்திக்கொண்டு, அவர்கள் ஒப்பிய பிறகே எடுக்க வேண்டும். விழா ஏற்பாடு பற்றிய சிறு செய்தியாக இது தோன்றலாம். ஆனால் மலையில் பிறக்கும் பிள்ளை தன்னை எந்த உருவத்தில் அடையாளம் கண்டுகொள்கிறது, கீழிருந்து வருபவர்கள் அப்பிள்ளையை எந்த உருவத்தில் நினைவில் கொண்டு இறங்குகிறார்கள் என்பவை இதில் அடங்கியிருப்பதால், இதை நீதி சார்ந்த கோரிக்கையாகவே முன்வைக்கிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியை (கேரள மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு) சேர்ந்தவன் அல்லன். மலையிலுள்ள அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மக்களின் சார்பாகப் பேசும் தகுதி எனக்கு இல்லை. அவர்களிடம் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது என்று சொல்லும் கடமை மட்டும் உண்டு.

வகுப்பில் கண்டதை முதலில் சொல்கிறேன். ‘உங்கள் ஊர்க்காரர்களை வரையுங்கள்’ என்றால் பிள்ளைகள் தயங்காமல் வரைவார்கள். இடுப்பில் கூடை கட்டிக் காப்பிப் பழம் பறிக்கும் அம்மா, மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணி சாய்த்து ஏறும் அப்பா, கடைசிப் பேருந்துக்காக நிழற்குடையில் நிற்கும் அக்கா, பலாமரம், மாட்டுக் கொட்டகை என்று தாள் நிறைந்துவிடும். அதே பிள்ளைகளுக்குப் ‘பழங்குடியினர்’ என்ற தலைப்பைக் கொடுத்தால், இலையை உடுத்தி, தலையில் இறகு செருகி, கையில் ஈட்டி பிடித்த ஓர் உருவம் வரும். வரைந்த பிள்ளையின் சாதிச் சான்றிதழில் பழங்குடி என்றுதான் எழுதியிருக்கும். தன் அம்மாவும் தான் வரைந்த அந்த உருவமும் ஒரே பெயருக்கு உரியவர்கள் என்பது அப்பிள்ளைக்குத் தோன்றுவதே இல்லை. திரைப்படப் பாட்டும், பள்ளி ஆண்டுவிழா மாறுவேடமும், கடைகளில் விற்கும் ஒட்டுப்படமும் சேர்ந்து ஊட்டிய உருவம் அது. இந்தியாவிலோ தமிழ்நாட்டிலோ எந்த மலையையும் சேராத, எங்கிருந்தோ வந்த பொம்மை.

மலைப்பாதையை ஒட்டிய ஒரு பொதுக் கட்டடத்தின் சுற்றுச்சுவரில் சில ஆண்டுகளுக்கு முன் ‘பழங்குடியினர் கலை’ என்ற பெயரில் ஓவியம் வரையப்பட்டது. செம்மண் நிறப் பின்னணியில், வெள்ளை முக்கோணங்களால் ஆன மனிதர்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். நடுவில் ஒருவர் வளைந்த ஊதுகருவியை ஊதுகிறார். பார்க்க அழகானதுதான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைக் காட்டி, “சார், நாங்க எப்ப சார் இப்படி ஆடுனோம்?” என்று கேட்டாள். அவள் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. அந்த ஓவியம் வார்லி ஓவியம். மகாராட்டிரத்தின் தாணே, பால்கர் பகுதிகளில் வாழும் வார்லிப் பழங்குடிப் பெண்கள் திருமண வேளையில் வீட்டுச் சுவரில் அரிசி மாவால் வரைந்து வந்த மரபு அது. 1970களில் ஜீவ்யா சோமா மஷே என்ற வார்லிக் கலைஞர் அதைச் சடங்குக்கு அப்பாலும் எடுத்துச் சென்று உலகறியச் செய்தார். 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சுவரில் இருக்கும் ஊதுகருவியின் பெயர் தார்ப்பா. சேர்வராயன் மலையில் தார்ப்பா ஊதுபவர் எவரும் இல்லை. வார்லி மக்களுக்கு உரியதை அவர்கள் பெயர் சொல்லாமல் எடுத்து, மலையாளி மக்களின் மேல் அவர்களைக் கேட்காமல் சாத்தியிருக்கிறார்கள். ஒரே சுவரில் இரண்டு மக்களுக்கும் இழைத்த அநீதி அது. வரைந்த கூலி ஓவியர் மேல் எனக்கு வருத்தமில்லை. கைபேசியில் மாதிரிப் படம் அனுப்பி ‘இதைப் போடு’ என்று சொன்னால் அவர் வேறென்ன செய்வார்?

மலையாளி மக்களின் கலை, சுவரில் வரையும் மரபாக வளரவில்லை. அதைச் சொல்வதில் அவர்களுக்குக் குறைவேதும் இல்லை. பழங்குடி என்றாலே ஓர் ஓவிய பாணி இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. நீலகிரியில் தோடர்களுக்குப் பூத்தையல் உண்டு. 2013இல் அது புவிசார் குறியீடு பெற்றது. ஆலுக் குறும்பர்களுக்கு ஓவியம் உண்டு. சேர்வராயன் மலையில் இருப்பது பாட்டு, ஆட்டம், மாரியம்மன் திருவிழா இரவுகளின் கூத்து, நோன்பு, வாய்வழியாக வந்த கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று உடன்பிறந்த மூவர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையாகக் குடியேறிய கதையை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று மாவட்ட எல்லைகள் இன்று பிரித்துப் போட்டிருக்கும் மக்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி முறை என்பதை அந்தக் கதைதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. அரசின் எந்தப் பதிவேட்டிலும் இந்த உறவுக்கு இடமில்லை.

இம்மலையைப் பற்றிப் பிறர் எழுதுவதும் பெயரிடுவதும் இருநூறு ஆண்டுப் பழக்கம். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்துதான் ஏற்காட்டின் வரலாறு தொடங்குகிறது என்பது போலப் பல சுற்றுலாக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று அன்றைய வெள்ளைக்காரக் குடும்பங்கள் உட்கார்ந்து காற்று வாங்கிய பாறைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை இருக்கிறது. மலைவாழ் மக்கள் அடுக்கியவை என்று சொல்லப்படும் கற்குவியல்கள் உள்ள இடத்தின் பெயரோ பகோடா பாயிண்ட். அடுக்கியவர்கள் அதை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று அங்கே நிற்கும் பயணி அறிய வழியில்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவரது நூலில் மலையாளிகளைப் பற்றியும் நீண்ட குறிப்பு உண்டு. அந்நூலில் பயனுள்ள செய்திகள் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அளப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் இன்னொருவர் என்ற அந்த ஏற்பாடு, ஆட்சி மாறி முக்கால் நூற்றாண்டு கடந்தும், வரைபவர் ஒருவர், வரையப்படுபவர் இன்னொருவர் என்ற வடிவில் தொடர்வதை ஏற்க இயலாது.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு மத்தியப் பிரதேசம் சான்று. போபாலில் 1982இல் திறக்கப்பட்ட பாரத் பவன் என்ற கலை மையத்தின் கட்டுமானத்தில் கூலி வேலை செய்தவர்களுள் பூரி பாய் என்ற பில் பழங்குடிப் பெண்ணும் ஒருவர். அம்மையத்தின் பொறுப்பில் இருந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன், அவரிடம் ‘உங்கள் ஊரில் எப்படி வரைவீர்கள்?’ என்று கேட்டு, தாளும் வண்ணமும் கொடுத்து வரையச் சொன்னார். கல் சுமந்த பெண் அந்த வளாகத்திலேயே ஓவியராக ஏற்கப்பட்டார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். பிற்காலத்தில் போபாலின் பழங்குடியினர் அருங்காட்சியகத்தில் நீண்ட சுவர் ஒன்றில் தன் வாழ்க்கைக் கதையையே அவர் வரைந்தார். அச்சுவரின் முன் நிற்பவர் ‘பழங்குடி’ என்ற பொதுவான உருவத்தைப் பார்ப்பதில்லை. பூரி பாயைப் பார்க்கிறார். கேட்டதனால் வந்த வேறுபாடு அது. நம் மலைப்பாதையில் வெள்ளையடித்து நிற்கும் சுவர்களின் முன்னும் இப்படிக் கேட்கலாம். ஓவிய மரபு இல்லாத மக்களிடம் எப்படிக் கேட்பது என்று ஐயம் எழலாம். என் மாணவர்கள் வரைந்த காப்பிக் கூடையும் கடைசிப் பேருந்தும் அதற்கு விடை. மலையின் இளைஞர்களே தங்கள் ஊரை, தங்கள் மூத்தோர் சொல்லும் மூன்று அண்ணன் தம்பி கதையைத் தங்களுக்குப் பிடித்த வண்ணத்தில் வரையட்டும். அது எந்தப் புகழ்பெற்ற பாணியிலும் இல்லாமல் போகலாம். அவர்களுடையதாக இருக்கும்.

இனி மேடையைப் பற்றி. நிகழ்ச்சி நிரல்களில் நாட்டுப்புறக் கலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுதும் பரவியிருக்கிறது. சேலம் மாவட்டத்தின் தெருக்கூத்து இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும் வரை நடப்பது. பத்து நிமிடத்தில் கூத்துக்காரர்களால் செய்ய முடிந்ததெல்லாம் வேடம் கட்டி வந்து, கிறுகிறுவென்று சுற்றி ஆடி, கைதட்டல் வாங்கி இறங்குவதுதான். இந்த நறுக்கலில் முதலில் வெட்டுப்படுவது கட்டியங்காரனின் பேச்சு என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். கூத்தில் அரசனை நேருக்கு நேர் கேலி செய்யவும், கதையை நிறுத்திவிட்டு ஊரில் குழாயில் தண்ணீர் வராததைச் சபையில் கேட்கவும் உரிமை பெற்றவன் அவன் ஒருவனே. இதிகாசக் கதைக்குள் அன்றைய ஊர் நியாயத்தைக் கொண்டுவந்து வைப்பவன் அவன். அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிரீடமும் புஜகீர்த்தியும். கலைஞர்களின் கலை வேண்டும், அவர்கள் பேச்சு வேண்டாம் என்று நாம் கருதுவதாகவே அவர்கள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். மலர்க்காட்சியின் எல்லா நாட்களிலும் இரவு முழுதும் கூத்து வைக்கச் சொல்லவில்லை. விழாவில் ஒரே ஓர் இரவை மலை ஊர்களின் கூத்துக்கு முழுமையாக விட்டுக்கொடுக்க முடியும். குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்க ஆள் வரும். ஊர்த்திருவிழாக்களில் நானே அப்படிப் பார்த்திருக்கிறேன்.

பறைக்கும் இதைச் சொல்ல வேண்டும். மலை என்றால் மலையாளி மக்கள் மட்டும் இல்லை. காப்பி எஸ்டேட்டுகளில் தலைமுறைகளாக உழைத்துவரும் தலித் குடும்பங்களும் இம்மலையின் மக்களே. அவர்களின் பறையும் பாட்டும் விழாக்களில் எங்கே நிற்க வைக்கப்படுகின்றன? பெரும்பாலும் வாயிலில். சிறப்பு விருந்தினர் வண்டியிலிருந்து இறங்கி நடந்து வரும்போது பறை முழங்குகிறது. விருந்தினர் மேடை ஏறியதும் பறை ஓய்ந்துவிடுகிறது. சாவுக்கும் அறிவிப்புக்கும் சாதிக் கடமையாக அடிக்க வைக்கப்பட்ட கருவியை, 1990கள் முதல் தலித் கலைஞர்கள் மரியாதைக்குரிய கலையாகப் போராடி மீட்டெடுத்தார்கள். ஆள்விட்டுத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2022இல் தமிழ்நாடு அரசே அறிவுறுத்தியது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பறையை வரவேற்புக்கு மட்டும் நிறுத்துவது, பழைய கடமையைப் புதிய சீருடையில் செய்யச் சொல்வதாகும். பறைக் குழுவை மேடைக்கு அழையுங்கள், ஒலிவாங்கியைக் கொடுங்கள், அவர்கள் தங்கள் கருவியைப் பற்றித் தாங்களே பேசிவிட்டு அடிக்கட்டும்.

எல்லாவற்றையும் மேடையேற்ற வேண்டும் என்று நான் சொல்வதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. சேர்வராயன் கோயிலின் ஆண்டுத் திருவிழாவும் கோடை விழா நடக்கும் மே மாதத்தையொட்டியே வருகிறது. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் அந்தக் கோயிலுக்குச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் கூடுவர். அங்கே நடக்கும் வழிபாட்டில் சில பகுதிகள் சாமிக்கும் குடிகளுக்கும் மட்டும் உரியவை. அருள் வந்து ஆடுவதைக் கலையரங்கில் நிகழ்ச்சியாக ஆடிக் காட்டச் சொல்வது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு கேட்டாலும் முறையாகாது. எது மேடைக்கு வரலாம், எது கோயிலோடு நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் இருக்கிறார்கள். ‘இதை நாங்கள் காட்ட மாட்டோம்’ என்று அவர்கள் சொன்னால், அந்த மறுப்பை மதிப்பதும் இந்தக் கோரிக்கையின் பகுதியே.

பணத்தைப் பற்றிப் பேசாமல் மரியாதையைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மலை ஊர்க் கலைக்குழு ஒன்று விழாவுக்கு வந்தால், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அன்றைய தோட்டக் கூலியை இழந்துதான் வருகிறார்கள். ஒத்திகை நாளையும் சேர்த்து ஊதியம் கணக்கிடப்பட வேண்டும். இடைத்தரகர் இல்லாமல் அவரவர் வங்கிக் கணக்கில் விழா முடிவதற்குள் சேர வேண்டும். வெளியூரிலிருந்து அழைக்கப்படும் மெல்லிசைக் குழுவுக்குத் தங்கும் விடுதி, மலைக்குழுவுக்குப் பள்ளித் தாழ்வாரம் என்ற வேற்றுமை இருக்கக் கூடாது. புகழ் மட்டும் கலைஞரைக் காப்பாற்றுவதில்லை. சுவாமிநாதனின் குழுவினரால் கண்டறியப்பட்டு, மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியத்தை உலகுக்குக் கொண்டுசென்ற ஜங்கட் சிங் ஷ்யாம், 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையச் சென்றிருந்த இடத்தில், இளம் வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருக்குக் கொடுக்கப்பட்ட ஊதியம் பற்றியும் ஊர் திரும்ப முடியாமல் அவர் தவித்தது பற்றியும் அப்போது எழுந்த கேள்விகள், கலைஞரை அழைக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரியவை.

சுவரில் வரைந்தவரின் பெயரும் ஊரும் சுவரிலேயே எழுதப்பட வேண்டும். மேடையில் ‘அடுத்ததாகப் பழங்குடியினர் நடனம்’ என்று அறிவிக்காமல், ஆடுவோரின் பெயரையும் ஊரையும் ஆட்டத்தின் பெயரையும் அவர்கள் வழங்கும்படியே அறிவிக்க வேண்டும். ஒலி, ஒளிப்பதிவு செய்தால் ஒரு படி அவர்கள் ஊருக்குச் சேர வேண்டும். பாட்டி பாடியதைப் பேத்தி கேட்க அது ஒன்றே வழியாக இருக்கும் காலம் தொலைவில் இல்லை. மாவட்டக் கலை மன்றத்தின் வழியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுவாரியாக ஐந்து விருதுகள் வழங்கப்படுகின்றன. 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியமும் இருக்கிறது. மேல் ஊர்களில் இருக்கும் முதிய பாடகர்கள் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. விழாவின்போது ஏற்காட்டில் ஒரு பதிவு முகாம் நடத்தி, வயதுச் சான்று, கலைச்சான்று போன்றவற்றுக்கு அங்கேயே உதவி செய்தால், பூச்செடிகளுக்குச் செலவாகும் தொகையில் சிறு பகுதியே போதும்.

கோடை விழாவுக்கு மக்கள் பொழுதுபோக்கத்தான் வருகிறார்கள், இதையெல்லாம் அதில் ஏற்ற வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். படகுப் போட்டியும் நாய்கள் கண்காட்சியும் கொழு கொழு குழந்தைகள் போட்டியும் நன்றாகவே நடக்கட்டும். அண்ணா பூங்காவில் பூவால் அமைக்கும் உருவங்களுள் ஒன்றே ஒன்றை மலைப் பள்ளிப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் சாமைக் கதிரைக் கேட்பார்களோ, காட்டெருமையைக் கேட்பார்களோ, நான் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே. ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று ஏற்காடு. மாநிலத்தின் பழங்குடி மக்களுள் ஏறக்குறைய பாதிப்பேர், 2011 கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், மலையாளிகள். சட்டம் இயற்றும் அவையில் அவர்கள் குரல் நேரடியாக ஒலிக்க வேண்டும் என்று அரசமைப்பு கருதியிருக்க, அவர்கள் மலையில் நடக்கும் விழாவில் அவர்கள் உருவத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை என்பதற்குக் காரணம் காட்ட முடியாது.

ஆகவே, விழாத் திட்டக் கூட்டங்களில் ஒன்றையாவது சேலத்தில் வைக்காமல் ஏற்காட்டில் வைக்க வேண்டுகிறேன். வட்டத்தின் 67 கிராமங்களுக்கும் ஊராட்சிகள், பள்ளிகள் வழியாக முன்கூட்டியே அறிவிப்புச் சேர வேண்டும். எஸ்டேட் குடியிருப்புகளையும் விட்டுவிடக் கூடாது. வருவோரில் பெண்களும் கூத்துக்காரர்களும் பறைக் கலைஞர்களும் படித்த இளைஞர்களும் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வேலையை விட்டு வருவோருக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் தரப்பட வேண்டும். மேல் ஊர்களுக்குப் போகும் மாலைப் பேருந்து புறப்படும் முன் கூட்டம் முடிய வேண்டும். அன்று எடுக்கப்படும் முடிவுகளை எழுதி, ஊராட்சி அலுவலகப் பலகைகளில் ஒட்டிவைக்க வேண்டும். சுவர்களில் வண்ணம் பூசும் ஒப்பந்தம் எதுவும் அக்கூட்டத்துக்கு முன் யாருக்கும் வழங்கப்படாமல் இருக்க ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சேர்வராயன் மலைப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்த ஓர் ஆசிரியர்,
அம்மாப்பேட்டை, சேலம்.